பெரட்டுக்கு வராதவள்

மேல் டிவிஷன் லயம்
செப்டம்பர் 14

கிளாரிசாவுக்கு லூர்தம்மாள் எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆளும் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய் என்று காய்கறி லோரி ஓட்டுகிற தனேஸ் சொன்னான். புருஷனை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த அதே வருஷத்தில் சதை போடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எனக்கு என் தம்பி நிக்கலஸ் போன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அது உனக்கு எதற்கு.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சாமியார் முன்னாலேயே சொன்னாய், "உங்க குரல் இனிமே என் காதுல விழக்கூடாது" என்று. போனிலும் என் நம்பரை அடைத்துவிட்டாய். சரி. குரல்தானே ஆகாது? கடுதாசி ஆகாது என்று நீ சொல்லவில்லையே. தனேஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி. உன் மகள் சம்பந்தப்பட்ட விஷயம்.

மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமானால் பிரிஞ்சாங் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஏப்ரல் புயலில் சரிந்த தேயிலை மலைமேல் நீலக் கென்வாஸ் போர்த்தியிருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு அடியில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. புது வீடு கட்டக் கல் நட்டார்கள், அதோடு சரி. கேட்டால் ஆபீஸ் கிராணி சுகுமாரன், "அடுத்த வருஷம்லா, கொஞ்சம் பொறுங்க" என்கிறான். மலைக்கு யார் பொறுக்கச் சொல்வது? ஆக, மிச்சமிருக்கிற குடும்பங்கள் எல்லாம் அதே லயத்து வரிசை வீடுகளில்தான் இருக்கிறோம். உன் மகள் ஜூலியானா என்னோடு இருக்கிறாள்.

மறுபடி மலை அசைந்தால் ஆட்களை எழுப்ப ஏதாவது வேண்டும் என்று எல்லோரும் கூடிப் பேசினோம். சைரன் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. அதனால் பெரட்டுக் களத்தை ஒட்டிய ஆபீஸ் வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டையே அடிப்பது என்று முடிவு. காலையில் பெரட்டுக்கு, வரிசையில் நிறுத்திப் பேர் எண்ண, ஆள் கூப்பிட நான் அடிக்கிறேனே, அதே இரும்பு. அடிக்கப்போவதும் நான்தான். வேறு யார் வாயாலாவது கேட்டு நீ குதிக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஜூலியானாவை உன்னிடம் போகச் சொன்னேன், மாதா சாட்சி. "பரீட்சை வருது அத்தே. நான் எங்கயும் போகல" என்கிறாள். அவ்வளவுதான்.

லூர்தம்மாள்

---

தானா ராத்தா
செப்டம்பர் 20

லூர்தம்மாள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பின்னால் ஏதாவது விசாரணை வந்தால் உங்கள் கையெழுத்து உதவும்.

என் உடம்பைப் பற்றி லோரிக்காரனிடம் விசாரிப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த இரும்பை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்? உங்களுக்கெல்லாம் நெஞ்சு எதனால் செய்தது? பாஸ்காத் திருநாள் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை. வேலை கிடையாது. விடிந்ததிலிருந்து காற்றும் மழையும். நீங்கள் போய் பெரட்டு மணியை அடித்தீர்கள். உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? போர்வைக்குள் கிடந்தவர்களெல்லாம் எழுந்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பெரட்டுக் களத்தில் போய் நின்றார்கள். மலைக்கு நேர் அடியில் இருக்கிற களத்தில். வரிசையில்! இன்றைக்கு ஞாயிறு, எதற்கு மணி என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்று தலைமுறையாக அந்தச் சத்தத்துக்குப் போய் நின்ற கால்கள் அல்லவா. புதிதாக வந்திருந்த வங்காளத்துப் பையன்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர்கள் நேராக மேட்டில் மாதா சிலை வைத்திருக்கிற கெபிக்கு ஓடினார்கள். நான் டவுனில் பிறந்தவள், எனக்கும் இல்லை. மணி கேட்டதும் பயம்தான் வந்தது. ஜூலியானாவை இழுத்துக்கொண்டு நானும் மேட்டுக்கு ஓடினேன்.

என் கணவர் கங்காணி. அவரும் களத்துக்குப் போனார். தினமும் செய்வதுபோல ஆட்களைப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டு நின்றார். மலை வந்தது.

நீங்கள் அந்த இரும்பை அடித்தீர்கள், அவர் செத்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதைக் கழற்றி ஆற்றில் வீசுங்கள். என் பெண்ணை அனுப்பிவையுங்கள்.

கிளாரிசா

---

மேல் டிவிஷன் லயம்
செப்டம்பர் 28

கிளாரிசாவுக்கு,

ஆற்றில் வீசிவிட்டு எதை அடிக்கச் சொல்கிறாய்? சோற்றுச் சட்டியையா?

மேட்டிலிருந்து பார்த்தவளுக்கு என்ன தெரியும்? ஆபீஸ் கூட்டுவதற்குப் போன நான்தான் வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் சிவந்து, கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தது. பூந்தோட்டத்துக் கொட்டகைத் தகரமெல்லாம் காகிதமாகப் பறந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில் வாயால் கத்தியிருந்தால் எனக்கே கேட்டிருக்காது. கைக்கு எட்டியது அந்த இரும்பு. அடித்தேன். உட்கார்ந்து யோசித்து, நல்ல நேரம் பார்த்தா அடிக்க முடியும்?

எங்கள் ஆட்களைக் கிண்டல் செய்கிறாயே, ஒன்று கேட்கிறேன். அன்றைக்குக் கீழ் வரிசை வீடுகள் முழுசாகப் புதைந்தன. தோண்டினார்கள். அந்த வீடுகளிலிருந்து ஒரு பிணம் வந்ததா? ஏன் வரவில்லை? அத்தனை பேரும் மணிக்கு எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். அந்த வரிசையில் இருந்த புனிதனின் பேரப்பிள்ளை தொட்டிலில் கிடந்தது, அதையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். நான் கத்தியதும் களத்திலிருந்து எல்லோரும் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். போனது ஒரு உயிர். அது என் தம்பி உயிர். எனக்குப் பிறகு பிறந்தவன், நான் இடுப்பில் தூக்கியவன். நீ கட்டிக்கொண்டு வந்தபோது அவன் பாதி ஆயுசை நான் வளர்த்து முடித்திருந்தேன். எனக்குத் துக்கம் சொல்லிக்கொடுக்காதே.

பெண்ணை அனுப்பு என்கிறாய். அவள் என்ன பார்சலா, லோரியில் ஏற்றிவிட? உன்னோடு வர அவளுக்கு மனசில்லை. அவள் அப்பா சாமானை மூட்டை கட்டிக்கொண்டு முப்பதாம் நாள் கும்பிடும் முன்னே டவுனுக்குப் போனவள் நீ. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு ஒத்திகை வைத்திருக்கிறோம். மாதா கோயிலிலும் சொல்லியாயிற்று, மாரியம்மன் கோயிலிலும் சொல்லியாயிற்று. மணி கேட்டால் மேடு. களம் கிடையாது. எங்கள் ஆட்கள் ஆடுமாடு இல்லை, சொன்னால் புரியும்.

லூர்தம்மாள்

---

தானா ராத்தா
அக்டோபர் 8

லூர்தம்மாள் அவர்களுக்கு,

ஒத்திகை நன்றாக நடந்ததாமே!

ஜூலியானா போன் செய்தாள். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். நீங்கள் மணி அடித்ததும் வேலப்பன் மழைக்கோட்டு, கொழுந்துக்கூடை சகிதம் நேராகக் களத்துக்குப் போய் நின்றாராம். களம் எங்கே இருக்கிறது, சரிந்து விழுந்த செம்மண் குவியல்தான் இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றாராம். அவரைப் பார்த்துப் புனிதன். புனிதனைப் பார்த்து வடிவம்மாள். "ஐயோ, இங்க இல்லலா, மேல போங்க" என்று நீங்கள் தொண்டை கிழியக் கத்தியும் பாதிப் பேர் கைகட்டி வரிசையில் நின்றார்களாம். இரண்டு கோயிலில் சொன்ன லட்சணம்.

அப்புறம் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா, நானும் ரெண்டடி கீழ வச்சிட்டேன்மா. எல்லாரும் போறாங்களேன்னு காலு தானா போச்சு" என்றாள். அழுதாள். அவளை அன்றைக்கு மேலே இழுத்துக்கொண்டு போனவள் நான். இத்தனை மாதத்தில் நீங்கள் அவள் காலையும் உங்கள் கால் மாதிரி ஆக்கிவிட்டீர்கள்.

இரும்பு எங்கே தொங்குகிறதோ அங்கேதான் உங்கள் ஆட்கள் போவார்கள். சாமி வந்து வேண்டாம் என்று சொன்னாலும் போவார்கள். கால்களைத் திருத்த முடியாவிட்டால் அந்த இரும்பையாவது தூக்கிக்கொண்டு போய் மேட்டில் மாட்டுங்கள். அதற்குக்கூட ஒரு மூளை வேண்டும்.

நிக்கலஸைத் தின்றது போதாதா? என் பெண்ணையும் தின்னப் பார்க்கிறீர்களா?

கிளாரிசா

---

மேல் டிவிஷன் லயம்
அக்டோபர் 21

கிளாரிசாவுக்கு,

இரும்பு இப்போது மேட்டில் இருக்கிறது. கெபிக்குப் பக்கத்து மரத்தில் சங்கிலி போட்டு மாட்டியாயிற்று. கோபத்தில் நீ துப்பியதில் ஒன்று உபயோகப்பட்டது. நன்றி சொல்லமாட்டேன்.

புனிதனும் வங்காளத்துப் பையன்களும் கழியில் கட்டித் தூக்கினார்கள். கிராணி வேட்டி அவிழ ஓடிவந்தான். "யாரைக் கேட்டு ஆபீஸ் சாமான்ல கை வச்சீங்க? துரைக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்று குதித்தான். "துரை வந்து மழையைப் பிடிச்சி நிறுத்தட்டும் கிராணி, நான் இதைக் கொண்டாந்து பழைய இடத்துலயே மாட்டிடுறேன்லா" என்றேன். திரும்பிப் போய்விட்டான். இப்போது காலைப் பெரட்டும் மேட்டில்தான். விடியக்காலையில் ஏறி வருகிறவர்கள் எல்லோரும் என் ஏழு தலைமுறையையும் இழுக்கிறார்கள். இழுக்கட்டும். கால் பழகினால் போதும்.

இது ஒருபக்கம் இருக்கட்டும். 'தின்றது போதாதா' என்று எழுதிவிட்டாய். ஒரு விஷயத்தை நான் உன்னிடம் சொல்லாமலே செத்துப்போகலாம் என்று இருந்தேன். நீதான் வாயைப் பிடுங்குகிறாய், வாங்கிக்கொள்.

"மேல ஓடுங்க" என்று நான் கத்தினேன். களத்தில் இருந்த எல்லோரும் ஓடினார்கள். நிக்கலஸ் நின்றான். அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "கிளாரா வரலக்கா. பேரு கூப்பிட்டேன், பதிலே இல்ல. புள்ளையும் காணோம்" என்றான். நீ தோட்டத்து வேலைக்காரியா? கிடையாது. உன் பெயர் அவன் எண்ணிக்கையில் கிடையாது. ஆனாலும் கூப்பிட்டான். லயத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு, கையை வாயில் குவித்துக்கொண்டு, உன் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டு நின்றான். மறுபடி இழுத்தேன். உதறினான். நான் ஓடிவிட்டேன்.

நீ அப்போது மேட்டில் கெபிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக நின்றிருந்தாய். அன்றைக்குப் பெரட்டுக்கு வராத குடும்பத்துக்காரி நீ ஒருத்திதான். அந்த ஒருத்திக்காக நின்றவன்மேல்தான் மலை விழுந்தது.

இப்போது சொல்லடி, தின்றது யார்?

லூர்தம்மாள்

---

தானா ராத்தா
நவம்பர் 3

அண்ணி,

கல்லறைத் திருநாளுக்கும் வராத கல்நெஞ்சுக்காரி என்று இந்நேரம் லயம் முழுக்கப் பேசியிருப்பீர்கள். வந்தேன். நீங்கள் எல்லோரும் கல்லறை மந்திரித்து முடித்துப் போன பிறகு வந்தேன். செவ்வந்தி நன்றாகக் கட்டியிருந்தீர்கள். மெழுகுவர்த்தி மழையில் அணைந்திருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கொளுத்தினேன், அதுவும் அணைந்தது. பிறகு சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நீங்கள் எழுதியது எனக்குப் புதிது என்று நினைத்தீர்களா?

அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கெபியில் நின்றிருந்தபோது நன்றாகக் கேட்டது. "இங்க இருக்கேன், மேல வாங்க, மேல வாங்க" என்று கத்தினேன். ஜூலியானாவும் கத்தினாள். காற்று அவர் பக்கமிருந்து எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் குரலைக் கொண்டுவந்து கொடுத்தது, எங்கள் குரலைக் கொண்டுபோகவில்லை. இறங்கி ஓட வேண்டும் என்று கால் துடித்தது. பிள்ளை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கண்ணெதிரே பார்த்தேன்.

உங்கள் குரல் வேண்டாம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? உங்களுக்கும் அவருக்கும் ஒரே குரல். கூப்பிடும்போது கடைசியில் இழுக்கிறீர்களே, அந்த இழுப்புகூட ஒன்றுதான். என்னால் தாங்க முடியாது.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நான் எதற்குக் கேட்க வேண்டும்? மேலே ஓடியதுதான் சரி. சரியானதைச் செய்தும் என் வீட்டுக்காரர் போய்விட்டார் என்றால் நான் யாரைத் திட்டுவது? மழையையா? மாதாவையா? எனக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும். நீங்கள் மணி அடித்தீர்கள். அதனால் உங்களைத் திட்டுகிறேன், இனியும் திட்டுவேன்.

ஜூலியானாவை அனுப்பச் சொல்லி இனி கேட்கப்போவதில்லை. பரீட்சை தொடங்கிவிட்டது, அவளும் வரமாட்டாள், அப்படியே அப்பனுடைய பிடிவாதம். ஆனால் ஒன்று கேள்விப்பட்டேன். மணி அடித்தால் வீடு வீடாகக் கதவைத் தட்டி, வயதானவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேலே அனுப்பும் வேலையை அவள் ஏற்றுக்கொண்டிருக்கிறாளாம். எல்லோரும் மெச்சுகிறார்களாம், அப்பா மாதிரியே என்று.

அதை நிறுத்துங்கள். அப்பா மாதிரி அவள் இருக்கவே கூடாது. அவளுக்கு ஏதாவது ஆனால் நான் அங்கே வந்து உங்களை என் கையாலேயே கொல்வேன். வெறும் வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள்.

கிளாரிசா

---

ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
நவம்பர் 18

கிளாரிசாவுக்கு,

உன் சமையல்கட்டுக்கு நேர் மேலே படுத்திருக்கிறேன். நீ தாளிக்கிற வாடை ஜன்னல் வழியாக வருகிறது. வந்து பார்க்கவில்லை என்று குறை சொல்லவில்லை. சாப்பாட்டு வண்டி தள்ளுகிற பெண்ணிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஜூலியானா சொல்லியிருப்பாள். அவள் எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருப்பாள். நடந்ததை நானே சொல்கிறேன்.

வாரம் முழுக்க விடாத மழை. சனிக்கிழமை மத்தியானம் வாய்க்கால் சிவந்தது. மேட்டுக்கு ஏறிப் போய் அடித்தேன். வந்தார்கள், கிளாரிசா. அத்தனை பேரும் வந்தார்கள். ஒருத்தன்கூடக் கீழே போய் நிற்கவில்லை. வேலப்பன் அப்போதும் கூடையை விடவில்லை, முதல் ஆளாக வந்து மரத்தடியில் கைகட்டி நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

உன் பெண் வரவில்லை.

நீ எழுதினாய், நான் நிறுத்தச் சொன்னேன், கேட்டால்தானே? மேட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், கடைசி வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். வடிவம்மாள் வீடு. "வடிவக்கா, வடிவக்கா" என்று. கையை வாயில் குவித்துக்கொண்டு. அப்படியே என் தம்பி.

பக்கத்தில் நின்ற வங்காளத்துப் பையன் கையில் அடிக்கிற கம்பியைத் திணித்துவிட்டு ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி இறங்கினேன் என்று கேட்காதே. போய் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைமேல் கை வைத்தவள் இல்லை நான். மயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். "அத்தே, வடிவக்கா உள்ள இருக்காங்க, அத்தே, விடுங்க" என்று கதறினாள்.

"இருந்தா சாகட்டும்டி" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். வடிவம்மாள் கோலா தெர்லாவில் மகன் வீட்டில் உட்கார்ந்து தே தாரே குடித்துக்கொண்டிருந்தாள் என்று சாயந்திரம்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. பூட்டியிருந்ததை மழையில் நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. உள்ளே கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் விட்டுவிட்டு வந்தேன். இனிமேல் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பூசைக்குப் போனால் மாதா முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆனால் ஒன்று. அன்றைக்குத் தம்பி உதறியபோது விட்டேன். இந்தப் பிள்ளை எத்தனை உதறியும் விடவில்லை.

பாதி மேட்டில் ஏறும்போது மலை வந்தது. மண்ணோடு வந்த மரம் என் காலில் விழுந்தது, இரண்டு இடத்தில் முறிவாம். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. கன்னத்தில் என் விரல்கள் இருக்கும். அதைக் காட்டி நீ போலீசுக்குப் போனாலும் போ.

கஞ்சியில் உப்பே இல்லை. மனுஷன் குடிப்பானா இதை?

லூர்தம்மாள்

---

ஆஸ்பத்திரிச் சமையல்கட்டு
நவம்பர் 21

அண்ணி,

உப்பைக் குறைத்தது டாக்டர். என் வஞ்சம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பாத்திரத்தைத் திருப்பி அனுப்பினால் பசியோடு கிடக்கப்போவது நீங்கள்தான்.

கன்னத்தைப் பார்த்தேன். நல்ல அறை. அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் அங்கே இருந்திருந்தால் இன்னொரு கன்னத்திலும் விட்டிருப்பேன்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், தெரியவில்லை. நேற்று காலை இல்லை என்று தோன்றியது. மத்தியானம் உங்கள் வார்டு வாசல்வரை வந்தேன், உள்ளே நர்ஸைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள், அந்தக் குரலைக் கேட்டதும் திரும்பிவிட்டேன். அதை விடுங்கள். இப்போது அவசரம் வேறு.

மேல் வரிசை வீடுகள் தப்பித்தன. சரிவுக்குப் பிறகு தேவான் மண்டபத்தில் தங்கியிருந்தவர்கள், வேலை போய்விடும் என்று அவர்களாகவே ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குத் திரும்புகிறார்கள். மழை ஜனவரிவரை இருக்கிறது. ஜூலியானாவும் போகிறேன் என்று நிற்கிறாள். மணி அடிக்க ஆள் இல்லையாம், அத்தை கால் ஆறும்வரை அவள் அடிக்கிறாளாம். கட்டிப்போட்டாலும் கேட்கமாட்டாள்.

அதனால் நான் போகிறேன். சமையல்கட்டில் லீவு சொல்லியாயிற்று. அவள் வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டும், நான் மேட்டில் நிற்கிறேன். அவள் என் கண்ணெதிரே இருப்பாள், கதவு தட்டப் போனால் காலை ஒடிப்பேன்.

ஆனால் அண்ணி, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். எப்போது அடிப்பது? வாய்க்கால் சிவந்த பிறகா, முன்னாலேயா? லேசாகச் சிவந்தால்? அடித்து ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த தடவை யாராவது வருவார்களா? அடிக்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு நாளாக இதையே நினைத்துச் சோற்றைக் கரியவிட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களை ஏழு மாதமாக நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன், இந்தக் கேள்வியை ஒரு தடவைகூட எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை. கம்பியைக் கையில் எடுக்கிற அந்த நேரம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

எழுதுங்கள். நாளை மறுநாள் தனேஸ் லோரியில் கிளம்புகிறேன்.

கிளாரிசா

---

வார்டு
நவம்பர் 22

கிளாரா,

எனக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியாது. பயம் வந்தது, அடித்தேன்.

நீயும் பயம் வந்தால் அடி. வாய்க்காலை வெறித்துப் பார்த்துக்கொண்டு யோசித்தால் கை எழும்பாது. தப்பாகத்தான் போகும், பாதி நாள். நீ அடித்து எல்லோரும் மூச்சு வாங்க ஏறி வந்த பிறகு சுள்ளென்று வெயில் அடிக்கும். கிராணி குதிப்பான். புனிதன் பாதியில் விட்டு வந்த சோற்றுக்காக உன் தாய் தகப்பனை இழுப்பான். வடிவம்மாள் மண்ணை வாரித் தூற்றுவாள். உன் மகளே உன்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். நீ எனக்கு எழுதிய கடுதாசி எல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிற அளவுக்குத் திட்டுவார்கள்.

வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள். அத்தனை பேரும் மேட்டில் நின்றுதான் திட்டுகிறார்களா என்று மட்டும் பார்.

லூர்தம்மாள்